விமானத்துக்குக் கொடுத்த எண்

கோலா பிலாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் மாயாண்டியின் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் ஓர் எண்.

காட்டுக்குள் சண்டை நடந்த காலம். தோட்டத்தைக் காத்த சிப்பாய்களுக்கு அரிசியும் மருந்தும் விமானத்தில் வரும். வரும் விமானத்துக்குக் கோலாலம்பூர்க்காரர்கள் அன்றைக்கு மட்டும் ஓர் எண் கொடுப்பார்கள். அதே எண் வேறு விமானத்துக்குக் கிடையாது. முதல்நாள் சாயங்காலமே அது டெலிபோனில் ஆபீசுக்கு வந்துவிடும். மறுநாள் பாடாங் என்ற திறந்த திடலில் வெள்ளைத் துணியால் அந்த எண்ணை விரித்துவைக்க வேண்டும். தன் எண்ணைத் தரையில் கண்டால்தான் விமானி மூட்டைகளைப் போடுவான். காட்டில் பதுங்கிச் சண்டை போடும் காட்டுக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு வேறெங்காவது விரித்தால் அத்தனையும் அவர்களுக்குப் போய்விடும். ஆகவே எண் இரண்டே பேருக்குத்தான் தெரியலாம். ஒருவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி. இன்னொருத்தி துணி விரிக்கும் முத்தாயி.

முத்தாயி மாயாண்டியின் மனைவி. அங்கேதான் தொல்லை.

கிராணி என்றால் சும்மாவா? வெள்ளைக் கால்சட்டை, வகிடெடுத்த தலை, பவுடர் வாசம். அவன் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் கிசுகிசுப்பதும், அவள் தலையாட்டிவிட்டு வெளியே வருவதும் மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. கட்டியவனுக்குத் தெரியாத ரகசியம் கிராணியோடு எதற்கு? பால் வெட்டும்போதும் அதே நினைப்பு. பாவம், மரத்துக்குத்தான் காயம்.

அன்று சாயங்காலம் அவளை வழிமறித்தான். “என்ன நம்பர் சொன்னான்?”

“சொல்லக்கூடாது. கிராணியையா சத்தியம் வாங்கியிருக்காரு.”

“அவன் சத்தியம் பெருசு, நான் கட்டுன தாலி சிறுசா? எம்மேல பிரியம் இருந்தா சொல்லுலா. இல்லாட்டி அவன் வீட்டுக்கே போயிடு.”

முத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “முப்பத்தேழு. வெளிய மூச்சு விட்றாதீங்க.”

மாயாண்டிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியோடு நேரே கள்ளுக்கடைக்குப் போனான். “எம் பொண்டாட்டி எங்கிட்ட எதையும் மறைக்கமாட்டா. நாளைக்கு முப்பத்தேழு!” என்று வந்தவன் போனவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

காலையில் விமானம் வந்து வட்டமடித்தது. மேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் ஆசையாகப் பாடாங்கை எட்டிப் பார்த்தான். துணியில் இருந்தது ஐம்பத்திரண்டு. மூட்டைகளும் அங்கேயே தொப்புத்தொப்பென்று விழுந்தன.

கிராணியோடு உண்மை, என்னிடம் பொய்யா! அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு பேர் முன்னால் கேட்டே விடுவதென்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பாடாங்கில் போலீஸ் ஜீப் நின்றது. கிராணியின் முகம் வெளுத்திருந்தது.

“ஆத்தோரக் காட்டுலயும் துணி விரிச்சிருந்துச்சாம், முத்தாயி. விமானி பாத்துட்டு ரேடியோவுல சொல்லியிருக்காரு. முப்பத்தேழாம்! நான் உனக்குக் குடுத்தது அம்பத்திரண்டு. முப்பத்தேழுன்னு யாரு கெளப்பிவிட்டது? தெரிஞ்சா சொல்லிடு. அவனத்தான் புடிச்சிட்டுப் போவாங்க, உனக்கு ஒன்னும் வராது.”

மாயாண்டி ஓரடி பின்னால் நகர்ந்தான். கள்ளுக்கடையில் யார் யார் இருந்தார்கள்? ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

முத்தாயி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கிராணியின் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் யாருகிட்டயும் எந்த நம்பரும் சொல்லல.”

இத்தனை நாளாக மாயாண்டி கேட்டது இதைத்தானே? கிராணியை விட்டு அவள் தன் பக்கம் நிற்க வேண்டும். நின்றுவிட்டாள். அவனுக்கோ அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஜீப் போன பிறகு, துணியை மடிக்க அவனும் குனிந்தான். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“விடுங்க. இனிமே உங்ககிட்ட எந்த நம்பரும் சொல்லமாட்டேன், உங்களுக்காகப் பொய்யும் சொல்லமாட்டேன்.”