மெதுவா வாங்க

நான் மொழிபெயர்த்த நாவலின் அச்சுப் புரூஃபில் என் வரியைக் காணோம். அது இருந்த இடத்தில் அந்த மனைவி கணவனின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்று கதறிக்கொண்டிருந்தாள்.

மூல நாவலில் அவள் கதறவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் படாதபாடு படுத்தியவன் சாகப்போகிறான். அந்த நாட்டு மொழியில் விடைபெறும்போது 'மறுபடி பார்க்கும் வரை' என்றுதான் சொல்வார்கள். அவனும் அதைச் சொல்கிறான். அவள் போர்வையைச் சரிசெய்தபடியே, 'அவசரமில்லை' என்கிறாள். அவ்வளவுதான். இதைத் தமிழில் கொண்டுவர மண்டையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தேன். ஒரு காலையில் என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "போயிட்டு வரேன்" என்றார். கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். நம்மிடம்தான் 'போறேன்' என்ற பேச்சே கிடையாதே! கணவன், "போயிட்டு வரேன்" என்கிறான். மனைவி, "மெதுவா வாங்க" என்கிறாள். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஏதோ ஒரு தேசத்துக்காரனின் சிரிப்பு எங்கள் வீட்டு வாசலிலேயே பிறந்ததுபோல இருந்தது. என் கணவரிடம் மட்டும் சொல்லவில்லை.

பக்கத்தைப் பதிப்பாசிரியரின் மேசைமேல் போட்டேன். "இது யார் எழுதினது சார்?"

"நான்தான். சாவுல என்னம்மா ஜோக்கு? அது அவங்க ஊருக்குச் சரி. நம்ம பொம்பளைங்க இப்படிப் பேசுவாங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்ம பொம்பளைங்களாம்! எந்தப் பொம்பளையைப் பேசவிட்டு இவர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்?

"அந்த வரி இல்லன்னா அட்டையில என் பேரும் வேணாம்."

"பேரு இல்லாமலும் புக்கு வரும்மா."

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூலையில் திருத்தங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிரு. நான் சாப்பிட்டுட்டு வரேன்" என்றார்.

அந்த அறைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அவள் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"மெதுவா வாங்க சார்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் கொஞ்சமும் தணியவில்லை. அந்தக் கோபத்தோடேயே சத்தமாகச் சிரித்தேன். அவள் மவுஸை இழுத்து, கதறிக்கொண்டிருந்த மனைவியை முழுசாக நீலமாக்கினாள். விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

வெளியே படியிறங்கிக்கொண்டிருந்த அவர் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது.