பெரிய வெள்ளியில் ஒரு பாட்டு

இஞ்ஞாசிமுத்துவின் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஆர்மோனியப் பெட்டியின் சாவி விழுந்தது. குளிப்பாட்ட வந்த ஆண்கள் அதைத் தாண்டிக் கால்வைத்துப் போனார்கள். அவர் பெண்டாட்டி பனிமேரி குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். புருசன் பிணமாகக் கிடக்கையில் இவள் சாவி பொறுக்குகிறாளே என்று எதிர்வீட்டு முருகம்மாள் பார்த்தது, கொஞ்ச நேரத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் பெரிய வியாழன். அன்றைய பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடி முடித்ததும் கோயில் மணி அடங்கிவிடும். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரைக்கும் மணி கிடையாது, வாத்தியம் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாடகர் குழுவின் மாஸ்டர் இஞ்ஞாசிமுத்து அந்தக் கடைசிப் பாட்டை வாசித்து, பெட்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு வீட்டுக்கு வந்தார். நெஞ்சைக் கரிக்கிறது என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர் விடிந்து எழவில்லை. ஒரு பாட்டுக்காரர் சாவதற்கு இதைவிட மோசமான நாளைத் தேடினாலும் கிடைக்காது. வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். சிலர் உதட்டை மடித்துக்கொண்டு சொன்னார்கள்.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்.

“பெரிய வெள்ளியில பூசை வைக்க முடியாதும்மா. இன்னைக்கே எடுக்கறதுன்னா ஜெபம் மட்டும்தான். திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருந்தா பூசையோட, பாட்டோட அடக்கலாம்.”

ஐஸ் பெட்டிக்காரன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். தாராவியின் அந்தச் சந்தில் பீரோவே படுத்துத்தான் நுழையும். ஐஸ் பெட்டி முதல் முடுக்கிலேயே மாட்டிக்கொண்டது. தலைக்கு மேலே தகரக் கூரை வேறு காய்ந்தது.

“இன்னைக்கே எடுத்துருவோம் ஃபாதர். ஆனா ஒரே ஒரு பாட்டு. அவுகள ஊமையா அனுப்பக்கூடாது” என்றாள் பனிமேரி.

“வாத்தியம் இல்லாமப் பாடலாம், அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. பிச்சையாகிட்ட கேளுங்க. இனி குழு அவர் பொறுப்புதானே?” என்ற சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம். அவர் தலைக்கு மேலே ஆயிரம் வேலை.

பிச்சையா பெயரைக் கேட்டதும் முருகம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். துக்கத்துக்கு அல்ல.

சில வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பெரிய வெள்ளியில், பிச்சையாவின் தாயார் செத்துப்போனாள். கோயிலைக் கூட்டிக் கூட்டியே இடுப்பொடிந்தவள். குழுவில் பாடிக்கொண்டிருந்த பிச்சையா, வாத்தியம் இல்லாமலாவது அம்மாவுக்கு ஒரு பாட்டு என்று மாஸ்டர் காலில் விழாத குறையாகக் கேட்டான். “பெட்டி இல்லாமப் பாடுனா அதுக்குப் பேரு பாட்டால? ஒப்பாரி. என் குழு ஒப்பாரி வைக்காது. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்” என்றுவிட்டார் இஞ்ஞாசிமுத்து. போப்பாண்டவருக்கே தெரியாத சட்டம் அது. மாஸ்டர் தன் கையால் போட்டது. கிழவி மரக்கட்டைச் சத்தத்தோடு போனாள். பனிமேரி அன்றைக்குப் புருசன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மறந்தாலும் சந்து மறக்குமா?

அவள் மைதானத்துக்குப் போனாள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. லெதர் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளைத் தைத்து உடுத்திய ரோமானியச் சிப்பாய்கள் வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் நீலச் சேலை உடுத்திய மரியாள், அந்தப்பக்கத்து வரிசைவீட்டுச் சால் பிள்ளை, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். மைக் செட் ஷாகுல் ஹமீது கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நாடகத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வசனம், பாட்டு எல்லாம் செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் முன்பே பதிந்தது. மேடையில் வாயசைத்தால் போதும். அதில் மரியாள் மகனை மடியில் கிடத்திப் புலம்பும் பாட்டைப் பாடியது இஞ்ஞாசிமுத்துதான். பெண் குரல் ஒன்றும் சுதி சேரவில்லை என்று அவரே பாடிவிட்டார். அந்த மெட்டு பனிமேரி குழாயடியில் துணி அலசும்போது முனகியது என்று முருகம்மாள் சத்தியம் செய்வாள். பனிமேரி ஒருதரம் குழுவில் சேரட்டுமா என்று கேட்டதற்கு, “ஒனக்குச் சுதி நிக்காது, போய் மீனைக் கழுவு” என்று பதில் வந்ததும் முருகம்மாளுக்குத் தெரியும். பலகைச் சுவர்தானே நடுவில்.

பிச்சையா சிப்பாய்த் தலைவன் வேசத்தில் இருந்தான். தலைக்கவசத்தில் துடைப்பக் குஞ்சம் நட்டுக்கொண்டு நின்றது. அவளைப் பார்த்ததும் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான்.

“பிச்சையா, ஒரே ஒரு பாட்டுய்யா. பெட்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு. அதத் திறக்கவும் வேண்டாம். சும்மா வாயால நாலு வரி.”

“மாஸ்டர் இருந்தா ஒத்துக்கிடுவாவளாக்கா?”

பனிமேரி முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க. ஒத்துக்கிடுவாவளா?”

“அவுகதான் இல்லையேப்பா.”

“எங்கம்மைக்குச் சொன்னாவல்லா, சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்னு. நீங்களும் பக்கத்துல நின்னீயளே. இப்ப நான் பாடுனா அவுக சொன்னது பொய்யின்னு ஆயிரும். செத்தவுகளப் பொய்யனாக்கச் சொல்லுதீயளா?”

எவ்வளவு மரியாதை பாருங்கள். குரல்கூட உயரவில்லை.

“அரே பிச்சையாண்ணா, ஈட்டி கிதர் ஹை?” என்று ஒரு சிப்பாய் ஈட்டியைத் தேடிக் கத்தினான்.

“வாரேன்ல, கொஞ்சம் பொறு” என்றவன் இவள் பக்கம் திரும்பினான். “கவலப்படாதீயக்கா. கட்டையை வேற ஆளுகிட்டக் குடுக்க மாட்டேன். நானே வந்து தட்டுதேன்.”

குழுவில் மற்றவர்களையும் அவள் கேட்டாள். ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருத்தன் பிச்சையா முகத்தைப் பார்த்தான். இன்னொருத்தன் நாளைக்கு என்றால் பரவாயில்லை என்றான். பிள்ளைகுட்டி இல்லையே என்று யாராவது இரங்கினால் இஞ்ஞாசிமுத்து சிரிப்பார்: “குழு இருக்க எனக்கு எதுக்குவே பிள்ளை?”

வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் எடுத்தார்கள். சொன்ன சொல் தவறாமல் பிச்சையா வந்தான். வேசத்தை முழுக்கக் கழற்ற நேரமில்லை. இடுப்பில் லெதர்ப் பட்டைகள் தொங்க, மேலே வெள்ளைச் சட்டை. ஃபாதர் ஜெபம் சொன்னார். சவப்பெட்டி தூக்கினவர்கள் சந்தின் முடுக்குகளில் அதைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினார்கள். முன்னால் மரக்கட்டை: டக். டக். டக். சீராக, தாளம் பிசகாமல். தாளம் சொல்லிக்கொடுத்தது மாஸ்டர்தானே.

பனிமேரி பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். அழவில்லை. அழுதால் ஒப்பாரி என்று பெட்டிக்குள்ளிருந்தே சொல்லிவிடுவார் என்று பயந்தாளோ என்னவோ. முருகம்மாள் மட்டும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வேன் மெயின் ரோட்டில் நின்றது. மைதானத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும்.

மைதானத்தின் வாசலை நெருங்கும்போது கம்பத்துக் குழாய் கரகரத்தது. ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

“என் மடி கனக்குதே மகனே...”

பெட்டி தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள். முருகம்மாளின் கை பனிமேரியின் முழங்கையில் இறுகியது. முன்னால் மரக்கட்டைச் சத்தம் இல்லை. குரல் தகரக் கூரைகளின் மேலே ஏறிப் பரவியது. எங்கோ ஒரு தையல் மெஷின்கூட ஓய்ந்தது. பனிமேரி முகத்தை நிமிர்த்தினாள். அவள் உதடு பாட்டுக்கு அரை வார்த்தை முன்னால் அசைந்தது.

“என் மடி கனக்குதே மகனே, உன் வாய்...”

பாட்டு அறுந்தது.

ஷாகுல் ஹமீது மெஷினை அணைத்துவிட்டு ஓடி வந்தார். கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது.

“மன்னிச்சிக்கோங்கக்கா, கவனிக்கல. மையத்து போற நேரத்துல பாட்டுப் போடலாமா? மரியாதை இல்லையே. உடனே ஆஃப் பண்ணிட்டேன்.”

பனிமேரி அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். முந்தானை முடிச்சு கைக்குள் இருந்தது.

“நல்லதுய்யா” என்றாள்.

பிச்சையா திரும்பிப் பார்க்காமல் கட்டையைத் தூக்கினான். டக். டக். பெட்டி நகர்ந்தது.

மேடையில், நீலச் சேலை மரியாள் மடியில் ஒரு ஆளைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு நின்றது அவளுக்கு உறைக்கவில்லை போல. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.