ஆஸ்பத்திரி மதில்

அன்று கஜீபன் கல்லை அடிக்க ஓங்கினானா, மதிலில் வைக்கத்தான் தூக்கினானா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல இன்றும் என்னால் முடியாது.

தன் தோட்டத்துக்குள் மரியதாசனின் மாடு புகுந்த சண்டையில் அவர் கையை முறித்தவன் அவன். நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல், நெடுந்தீவு ஆஸ்பத்திரியின் இடிந்த மதிலைக் கட்டித்தரச் சொன்னது. இடையில் குழப்பம் செய்தால் சிறைதான். அவனைக் கண்காணித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது என் அரசாங்க வேலை.

மரியதாசன் கட்டுப்போட்ட கையுடன் தினமும் எதிரே வந்து நிற்பார்.

“மறியல்சாலைக்குப் போயிருந்தா நிழலில இருந்து சோறு திண்டிருப்பாய், என்ன?”

“அங்க உங்கட முகத்தைப் பாக்கத் தேவையில்லை, அண்ணை. அதுவும் ஒரு சுகந்தான்.”

அன்று அவர் கிட்ட வந்து, புதிதாக அடுக்கிய வரிசையை உதைத்தார். முருகைப் பவளக் கற்கள் சரிந்தன. கஜீபன் கையில் கல்லுடன் திரும்பினான். கல் அவன் தோளுக்கு மேலே நின்றது. பிறகு அதை மதிலில் வைத்தான்.

“ஓங்கினவன்! பாத்தனீர்தானே? கோட்டுக்கு எழுதும்!” என்று மரியதாசன் என்னிடம் கத்தினார்.

“நீங்கள் உதைச்சதையும் பாத்தனான். ரெண்டையும் எழுதட்டோ?”

அவர் திரும்பிப் போனார். நான் எதையும் எழுதவில்லை.

மதில் முடிந்தது. கஜீபன் தோட்டத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறான். மரியதாசனின் கை முழுதாக நீளாது; மாடுகளை மகள் பார்க்கிறாள். இருவரும் பேசுவதில்லை. எனக்கு ஊர்காவற்றுறைக்கு இடமாற்றம் கிடைத்தது.