மாப்பிள்ளைத் துவக்கு

கரடிக்குத் துவக்கு வாங்க வருகிறவர்கள் தோட்டாவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். துவக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள். கரடியின் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகப்போவது அந்தப் பளபளப்பான கட்டை இல்லை, அதன் வாயிலிருந்து போகிற சுண்டுவிரல் நுனியளவு சன்னம். இதை ஒன்பது வருடமாகக் கவுண்டரில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கடை ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், விட்பிக்குப் போகிற பெருந்தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடாரம், தூண்டில், மழைச்சட்டை எல்லாம் முன்னுக்கு, துவக்குகள் பின்னுக்கு. பின்பக்கத்துக்கு நான் பொறுப்பு. சட்டையில் குத்தியிருக்கிற பட்டையில் 'கேய்' என்று போட்டிருக்கும். கௌசி என்பது அவர்களின் வாய்க்குக் கஷ்டமாம்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் தம்பி மிதுனன் கடைக்குள் வந்தான். கூடவே, அவனுக்கு மாமனாராக வரப்போகிற அருள்நாயகம். என்னைக் கண்டதும் தம்பி அப்படியே நின்றான். பிறகு சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தொங்கிய மழைச்சட்டையின் விலையைப் படிக்கத் தொடங்கினான்.

அவனும் பாவம், கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறான். செவ்வாய் எனக்கு லீவு. கூட வேலை செய்கிறவளின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு நான் வேலையை மாற்றி எடுத்திருந்தேன். அது அவனுக்குத் தெரியாது.

அருள்நாயகம் குடும்பத்துக்குத் தெரிந்த கௌசி அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள். பிறிஸ்பேனில் நேர்ஸ். கணவன், இரண்டு பிள்ளைகள், பின்வளவில் மாமரம்கூட இருக்கிறதாம். உண்மையான கௌசிக்கு முப்பத்தெட்டு வயது. நாலு வருடத்தில் கணவனை விட்டுவிட்டு வந்தவள். விட்பியில் ஒரு பேஸ்மென்டில் தனியே இருக்கிறாள். துவக்கு விற்கிறாள். அந்தக் கௌசியால் தம்பிக்கு இரண்டு சம்பந்தம் குழம்பிவிட்டது. மூன்றாவது பேச்சு வந்தபோது அம்மா போன் எடுத்தா. "கலியாணம் முடியட்டும் பிள்ளை. பிறகு மெல்லமாச் சொல்லுவம்" என்றா. நான் ஓம் என்றேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

"பிள்ளை தமிழோ?" என்றார் அருள்நாயகம்.

"ஓம் அங்கிள்."

"நல்லதாப் போச்சு. இவர் எனக்கு மருமகனா வரப்போறவர். ஓகஸ்டில கலியாணம். செப்டம்பரில நாங்கள் நாலு பேர் யூக்கோனுக்குக் கரடி வேட்டைக்குப் போறம். கிறிஸ்லி. மாப்பிளைக்கு எல்லாரும் கார் குடுப்பினம். நான் துவக்குக் குடுக்கப்போறன்."

யூனியன்வில்லில் வீடு விற்கிற மனிதர். எனக்கே முந்தி ஒருமுறை தபாலில் வந்த விளம்பரத் தாளில் அவருடைய சிரித்த முகம் வந்திருக்கிறது. நேராகப் போய், மேல் தட்டில் இருந்த பெரிய துவக்கைக் காட்டினார். திறீ-செவன்ரி-ஃபைவ். ஆபிரிக்காவில் எருமைக்குக் கொண்டுபோவது.

"மூண்டும் ஏழும் அஞ்சும் பதினைஞ்சு. கூட்டினா ஆறு. மாப்பிளையின்ர நம்பரும் ஆறு" என்றார். வீட்டு இலக்கம் பார்த்து விற்கிறவருக்குத் துவக்கின் இலக்கம் பார்க்கத் தெரியாதா.

நான் அதை இறக்கவில்லை. கீழ்த் தட்டிலிருந்து அதைவிடச் சின்னதான ஒரு தேட்டி-ஓட்-சிக்ஸை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அங்கிள், இது போதும். இருநூற்று இருபது கிறெயின் பாரமான சன்னம் போட்டால் கிறிஸ்லியின்ர தோளை உடைச்சுக்கொண்டு உள்ள போகும். மானுக்குப் போடுற மெல்லிய சன்னம் எலும்பில பட்ட உடனே சிதறிப் போடும். பாரமா, சிதறாததா இருக்கவேணும். அதுதான் முக்கியம். அந்தப் பெரிசு உதைக்கிற உதையில, பழக்கமில்லாத ஆள் விசையை இழுக்க முதலே கண்ணை மூடிப்போடும். மூடினால் வெடி வயித்தில படும். வயித்தில பட்ட கரடி பத்தைக்குள்ள போய்ப் படுக்கும். பிறகு அதைத் தேடி ஆரோ உள்ள போகத்தான் வேணும்."

இவ்வளவையும் அருள்நாயகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொன்னது தம்பிக்கு. அவன் மழைச்சட்டையை விட்டுவிட்டு இப்போது தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய வலது தோளில் தகடு இருக்கிறது. ஆறு திருகாணி. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. பார்க்டேலில் இருந்த காலம். நான் கார் ஓடினேன், அவன் பக்கத்தில் இருந்தான். பனியில் சறுக்கி மின்கம்பத்தில் அடித்தேன். சீற் பெல்ற் அவனுடைய காறை எலும்பை இரண்டாக உடைத்தது. துவக்கின் அடிக்கட்டை வந்து இடிக்கிற இடம் அதற்குப் பக்கம்தான். சென்ற மாசியில் சுடப் பழகுகிறேன் என்று வந்தவனை நானே இரகசியமாகச் சுடுகிற மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சின்னத் துவக்குக்கே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினான். மூன்றாவது வெடியோடு தோளைப் பிடித்துக்கொண்டு காருக்குள் போய் இருந்துவிட்டான்.

அருள்நாயகம் என்னை இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"பிள்ளைக்கு விசயம் தெரியுது. ஊரில எவடம்?"

எங்கள் ஆட்களின் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் போதாது. ஊர், பிறகு ஊரில் எந்தப் பக்கம், பிறகு அப்பாவின் பெயர். மூன்றாவது பதிலில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். என்னுடைய மூன்று பதிலும், தம்பி கலியாணப் பேச்சில் கொடுத்த அதே மூன்று பதில்கள். தம்பியின் காது சிவந்துபோனது.

"மன்னார் அங்கிள்" என்றேன்.

"அப்பாவின்ர பேர்?"

"யேசுரட்ணம்." எங்கள் கடையின் ஸ்ரோர் அறையில் பெட்டி அடுக்குகிற அண்ணையின் பெயர். வாயில் அதுதான் வந்தது.

"ஓ, வேதக்காரர்" என்றார். கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் என்னில் இருந்த அக்கறை அந்த இடத்திலேயே அணைந்தது. அதற்குப் பிறகு நான் அவருக்கு 'நீர்' ஆகிவிட்டேன். தம்பி நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஊரையும் அப்பாவையும் விட்டுக்கொடுத்தது கூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மூச்சு வலித்தது.

"நீர் அந்தப் பெரிசை இறக்கும்."

இறக்கினேன். தம்பி வாங்கித் தோளில் வைத்தான். வைக்கவேண்டிய இடத்தில் வைக்கவில்லை. தகட்டில் படாமல் வெளியே தள்ளி, தோள்மூட்டில் வைத்தான். அப்படி வைத்துச் சுட்டால் கை கழன்றுவிடும்.

"தோளில ஏதும் ஒப்பரேசன் செய்தனீங்களோ?" என்று கேட்டேன். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்விதான்.

"No. I'm good" என்றான் என் தம்பி.

அப்போது அருள்நாயகத்துக்குப் போன் வந்தது. ஆரோ வீட்டு விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் போல. பேசிக்கொண்டு கூடாரங்களின் பக்கம் போனார். தம்பி மேசையில் குனிந்தான்.

"அக்கா, please. Just sell it."

"நீ கண்ணை மூடுவாயடா. எனக்குத் தெரியும்."

"Guide இருப்பான். அவன் சுடுவான்."

"மாமாவிட்டத் தோளைச் சொல்லு. என்னைப் பற்றிச் சொல்லவேண்டாம், தோளை மட்டும் சொல்லு. சின்னத் துவக்கு வாங்கித் தருவார்."

"சொல்லேலாது." என்றான். "கலியாணப் பேச்சுக்காலில கேட்டவை, ஏதும் வருத்தம், ஒப்பரேசன் இருக்கோ எண்டு. அம்மா இல்லை எண்டு சொல்லிப்போட்டா. இப்ப இதைச் சொன்னா, வேற என்ன மறைச்சனீங்கள் எண்டு கேட்பார். பிறகு நீ வருவாய்."

பிறகு நான் வருவேன். ஒரு நோயைப்போல, ஒரு ஒப்பரேசனைப்போல, நானும் அவன் மறைத்த பட்டியலில் இருந்தேன். அவனை அறையவும் வேண்டும், கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது.

அருள்நாயகம் திரும்பி வந்து வங்கி அட்டையை மேசையில் வைத்தார். தம்பி துவக்கு லைசன்ஸை வைத்தான். விற்பதற்கு முன் லைசன்ஸை அரசாங்கத்தின் பதிவில் சரிபார்த்து ஓர் எண் எடுக்கவேண்டும். எடுத்துப் பார்த்தேன். மிதுனன் ஸ்ரீஸ்கந்தராசா. என் அப்பாவின் பெயர். படத்தில் தம்பி சிரிக்காமல் இருந்தான். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மனம் ஒத்துவராவிட்டால் நான் விற்கத் தேவையில்லை. அந்த அதிகாரம் எனக்கு இருக்கிறது. ஒன்பது வருடத்தில் நாலு பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். லைசன்ஸை அவன் பக்கம் தள்ளினேன்.

"இவருக்கு இதை நான் விக்கமாட்டன் அங்கிள்."

"ஏன்?"

"இவரின்ர வலது தோளில தகடு இருக்கு. கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுறவர். கரடிக்கு முன்னால இவரை உந்தத் துவக்கோட விட்டால் திரும்பி வரமாட்டார்."

"உமக்கு என்னெண்டு தெரியும்?"

தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. செப்டம்பரில் ஒரு பத்தைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அவனை நினைத்தேன். சம்பந்தம் குழம்பட்டும். ஆள் உயிரோடு இருந்தால் நாலாவது பேச்சுப் பேசலாம்.

"நான் இவரின்ர அக்கா" என்றேன். "கௌசி. அவுஸ்திரேலியாவில இல்லை. இஞ்சதான் இருக்கிறன்."

கடையில் எங்கோ ஒரு பிள்ளை மீன் வலையைத் தட்டி விழுத்திய சத்தம் கேட்டது. அருள்நாயகம் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். நான் அப்பாவின் நிறம், அவன் அம்மாவின் நிறம். அவன் நிமிர்ந்து நின்றான். மழைச்சட்டையின் விலையைப் படித்த அதே முகம்.

"எனக்கு இவவைத் தெரியாது மாமா. அக்கா பிறிஸ்பேனிலதானே."

அருள்நாயகத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்தார்.

"பிள்ளை, பத்து நிமிசத்துக்கு முன்னம் ஊர் மன்னார், அப்பா யேசுரட்ணம் எண்டனீர். இப்ப என்ர மாப்பிளைக்கு அக்கா எண்டுறீர். லைசன்ஸில பேரைப் பார்த்துப்போட்டு, ஆரோ சொல்லக் கேட்டதையும் வைச்சு ஏதோ சொல்லுறீர். எங்களில ஆரிட்டையும் கோபமோ?"

நான் வாயைத் திறந்தேன். ஊரைச் சொல்லி நிரூபிக்கலாம், அப்பாவின் பெயரைச் சொல்லி நிரூபிக்கலாம். இரண்டையும் அவனைக் காப்பாற்ற நானே விற்றுவிட்டேன். போனில் எங்கள் இருவரின் படம் இருக்கிறது. அதை எடுக்கக் கை சட்டைப்பைக்குப் போனது. தம்பி அதைக் கண்டான். அவனுடைய கண் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் கை பையிலேயே நின்றுவிட்டது.

அருள்நாயகம் மனேஜரைக் கூப்பிட்டார். மனேஜர் வந்து மன்னிப்புக் கேட்டார், என்னைப் பின்னுக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னார், லைசன்ஸைச் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவனில் ஒரு குற்றமும் பதிவாகவில்லை.

ஸ்ரோரில் யேசுரட்ணம் அண்ணை பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றார்.

"இண்டைக்கு ஒரு கொஞ்ச நேரம் நீங்கள் எனக்கு அப்பாவா இருந்தனீங்கள் அண்ணை."

அவருக்கு விளங்கவில்லை. அடித்தட்டில் இருந்த சிவப்புப் பெட்டிகளில் மூன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முன்னூறு கிறெயின், சிதறாத சன்னம். "முன்னால நிக்கிறவைக்குக் குடுங்கோ. மனேஜர் மலிஞ்சதைத்தான் குடுப்பார். ஒண்டு வேட்டைக்கு, ரெண்டு பழகிறதுக்கு. பழகிறதும் இதே சன்னத்தோடதான் பழகவேணும் எண்டு சொல்லுங்கோ." கரடியோடு தம்பிக்கு இருக்கிற வழக்கில் என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

யேசுரட்ணம் அண்ணை திரும்பி வந்து சொன்னார். பெட்டியை அந்தப் பெடியன் வாங்கினானாம். அந்த ஐயா, உள்ளே போன பிள்ளைக்கு மனநிலை சரியில்லையோ என்று விசாரித்தாராம். "பெடியன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"பாவம் மாமா எண்டான்."

பின்கதவின் கண்ணாடியால் கார் நிற்பாட்டுகிற இடம் தெரியும். தம்பி துவக்குப் பெட்டியை வலது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பத்து அடி போகவில்லை, இடது தோளுக்கு மாற்றினான். துவக்கின் வெறும் பாரத்தைக்கூட அந்தத் தோள் தாங்கவில்லை. மாமனார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவின் போன் அன்றைக்கே வந்தது. நான் எடுக்கவில்லை. செப்டம்பர் வரைக்கும், அதற்குப் பிறகும் எவ்வளவு காலமோ, நான் அவுஸ்திரேலியாவில் இருக்கவேண்டும். அந்தக் காட்டில் அவனுக்கு ஏதும் நடந்தால், அருள்நாயகம் நல்ல மனிதர், உடனே பிறிஸ்பேனுக்குத்தான் அறிவிக்கச் சொல்லுவார்.