தண்ணீர் நிற்காத குளம்

எகிப்தின் லக்சரில், நைல் நதியின் மேற்குக் கரையில், கல்லறைக் குன்றுக்கு எதிரே எங்களுக்கு ஐந்து அறை விடுதி. கல்லறைகள் மூவாயிரம் வருடப் பழசாம், இருந்து என்ன? வருகிறவர்கள் கைபேசியில் அறை தேடி, நீச்சல் குளம் என்ற கட்டத்தைத் தொட்டதுமே பட்டியலில் எங்கள் பெயர் காணாமல் போய்விடும். இங்கே மண்வெட்டி போடவே தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். என் கணவர் அப்துல் ராதி யாரையும் கேட்காமல், மதில் மறைவில் குளத்துக்காக முற்றத்தைத் தோண்டினார்.

மூன்றாம் நாள் கீழே ஒரு கல்லறை தட்டுப்பட்டது. சொன்னால் வீட்டுக்குச் சீல், மறைத்தால் சிறை. மனிதர் பலகையும் சிமென்டும் போட்டு மூடி, மேலே குளம் கட்டி நீலக் கல் பதித்துவிட்டார். உள்ளே போய்ப் பார்க்க, படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையின் தரையில் மட்டும் ஒரு துவாரம் விட்டார்.

மூன்று மாதம் அறைகள் நிரம்பி வழிந்தன. எனக்குத்தான் ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை. முற்றத்தில் குதிகால் பட்ட இடமெல்லாம் வெற்றுப் பானை போல ஒலித்தது.

இன்று காலை குளத்தில் ஒரு முழம் தண்ணீரைக் காணோம். தங்கியிருந்த ஜெர்மன்காரி கேட்டாள், வெயில் குடித்துவிட்டது என்று கூசாமல் சொன்னேன். விருந்தினர்கள் கோயில் பார்க்கக் கிளம்பியதும் அப்துல் ராதி கசிவை அடைக்க இடுப்பில் கயிறு கட்டி, சிமென்ட் வாளியோடு துவாரத்தில் காலை விட்டார்.

"போகாதீங்க. மண்ணப் போட்டு எல்லாத்தையும் மூடிடலாம்."

"உள்ள கெடக்கறவன் மூவாயிரம் வருஷமா ஒருத்தரையும் கடிக்கல. சத்தம் போடாம கயிறப் புடி. தெருவுல தொல்லியல் துறைக் காவலாளி டீ குடிச்சிட்டிருக்கான்."

சற்று நேரத்தில் குளப் பக்கம் விக்கல் போல ஒரு சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு வெடுக்கென்று இழுபட்டு நின்றது. இழுத்தேன், வரவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கீழே தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்தான்.

கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். யார் காதிலும் விழக்கூடாது என்று பயந்ததை ஊரே கேட்க நானே கத்தினேன்.

"எங்க வீட்டுக்குக் கீழ கல்லறை இருக்கு. என் வீட்டுக்காரர் உள்ள மாட்டிக்கிட்டாரு."

டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி ஓடி வந்து துவாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மூணு மாசமா. இழுங்க."

இருவரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு கனமே இல்லாமல் வந்தது, முனையில் அவர் இல்லை.