மடியில் இட்ட முட்டை

எங்கள் தொகுதி எம்.பி. மாண்புமிகு ஜோத்தாமு ஸெங்கூபா அறுப்பின் பண்டிகைக்குத் தம்முடைய சோபாவோடுதான் வருவார். ஏரியின் அக்கரையில் அவர் வீடு. படகின் நடுவில் சோபா, சோபாவின் நடுவில் அவர். கரை தட்டியதும் நான்கு பேர் அவரை இறக்குவார்கள், பிறகு சோபாவை. பலிபீடத்துக்கு அவர் முகம் நன்றாகத் தெரியும்படி தேவாலயத்தின் முன்வரிசையில் அதைப் போடுவார்கள்.

இந்த வருஷம் அவர் வந்த படகின் பின்னால் உறுமிய எஞ்சினை எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷப் பண்டிகையில் அவர் எங்கள் சபைப் படகுக்குக் காணிக்கையாகக் கொடுத்த எஞ்சின் அது. ரிப்பன் கட்டியிருந்தது. அதன் மூடியில் 'தேவ மகிமைக்காக' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதன் கீழே அவர் பெயர், கரையில் நின்றே படிக்கிற அளவில். பேராயர் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். கையை எடுத்தபோது வெள்ளை அங்கியின் கைப்பட்டியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. படம் பிடிக்க வந்தவர்கள் போனதும் மாண்புமிகு, "புது எஞ்சின் பாருங்க, கொஞ்ச நாள் ஓட்டிப் பழக்கித் தர்றேன்" என்று தம் படகிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வருஷமாகப் பழக்கிக்கொண்டிருந்தார்.

குருவானவர் கெசெக்கியாவுக்கு இது சிரிக்கிற விஷயமாக இல்லை. கிசாபா தீவில் எங்கள் சபைக்கு ஒரு கிளை உண்டு. மீன் பிடிக்கிற குடும்பங்கள், புல் கூரை, ஒரு முரசு, அவ்வளவுதான். அங்கே அவர் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் பாதி ஏரியில் திரும்பிவிடுவார். ஈஸ்டர் அன்று திரும்பவும் முடியாமல் வேறொரு தீவில் ஒதுங்கி, கத்தோலிக்கர் பூசையில் கடைசிப் பலகையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். "மீன் குழம்பு கொடுத்தாங்க, நல்லா இருந்துச்சு. பிரசங்கம்தான் நம்மளதை விட நீளம்" என்றார். ஆனால் பேராயர் அலுவலகம் சொல்லிவிட்டது: மாதம் ஒரு முறையாவது குருவானவர் போக முடியாத கிளைகளை வருஷக் கடைசியோடு மூடிவிட வேண்டும். குருவானவர் எஞ்சினைக் கேட்டு ஆள் அனுப்பினார். "இன்னும் முரண்டு பண்ணுது ரெவரெண்ட், பழகட்டும்" என்று பதில் வந்தது.

கிசாபாக்காரர்கள் விடியுமுன்னே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரு கூடை காய்ந்த மீனும், ஒரு செம்பட்டைக் கோழியும் கொண்டுவந்தார்கள். மூடப்போகிற கிளையிலிருந்து வந்த காணிக்கை என்று அதைப் பார்த்து யாருக்கும் தோன்றியிருக்காது. அவ்வளவு சுத்தமாகக் கோழியைக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

இது உக்கிராணத்துவ ஆண்டு, அதாவது கர்த்தருடையதை அவருக்காகப் பராமரிக்கிற ஆண்டு என்று பேராயர் அலுவலகம் அறிவித்திருந்தது. அந்த வார்த்தை எழுதிய துணி பலிபீடத்துக்கு மேலே தொங்கியது. அதை உடைக்காமல் சொல்ல பேராயருக்கு அடுத்தவரான ஆர்ச்டீக்கனாலேயே முடியவில்லை. நேரம், தாலந்து, பொக்கிஷம் ஆகியவற்றை எப்படி உண்மையாய்ப் பராமரிப்பது என்று அவர் பிரசங்கித்தார். நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற பகுதிக்குள் குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடியும் தூங்கிவிட்டன. தாலந்துக்கு வந்தபோது பேராயரே கடிகாரத்தைப் பார்த்தார். பொக்கிஷத்தைப் பற்றி ஆர்ச்டீக்கன் மாண்புமிகுவைப் பார்த்துப் பேசினார். மாண்புமிகு கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

பிறகு காணிக்கைப் பொருள்களின் ஏலம். முரசு அடிக்கிறவன் நான் என்பதால் ஏலம் போடுகிறவருக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம். ஏலம் போட்டது தாய்மார் சங்கத்து எசேசா அக்கா. சந்தையில் மீன் விற்றுப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை, ஆனாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வார்.

"என்னங்கடா இது, இவ்ளோ பெரிய வாழைக்குலைக்கு இந்தக் காசா? காய்ச்ச மரம் கேட்டா நாண்டுக்கும்! ஏய் டெய்லரு, எனக்குச் சட்டை தெச்சதுக்கு வாங்கினதுல பாதியாவது கர்த்தருக்குக் கொடுப்பா!"

"அக்கா, உங்க ஒரு சட்டைக்கு மூணு பேர் துணி போச்சு. நான்தான் நட்டப்பட்டேன்!"

"அப்ப நட்டத்தோட நட்டமா இதையும் வாங்கிக்கோ!"

வாழைக்குலை டெய்லர் தலையில் விழுந்தது. அடுத்தது செம்பட்டைக் கோழி. ஏலத்தில் எடுத்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மறுபடி ஏலம் போடலாம், ஒரே கோழி அரைக் கூரைக்குத் தகரம் வாங்கித் தந்துவிடும். மாண்புமிகு எழுந்தார். "ஒரு லட்சம் ஷில்லிங்! எடுத்ததும் இல்லாம, இதோ, சபைக்கே திருப்பிக் கொடுக்கிறேன்!"

பெண்கள் குலவையிட்டார்கள். படம் பிடிக்கிற பையன்கள், "சரியா விழலை ஐயா, கோழியை மடியில வெச்சுக்குங்க" என்றார்கள். வைத்துக்கொண்டார். கோழி அந்த மெத்தையைப் பார்த்தது, அந்த மடியைப் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து அதற்கு இப்படியோர் இடம் வாய்த்ததில்லை. காலை மடக்கி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, மைக்குக்குள் கேட்கும்படி கொக்கரித்தது.

மாண்புமிகு முட்டையை உயர்த்திப் பிடித்தார். "பாத்தீங்களா! என் கோழி, என் மடியில, எனக்காக இட்ட முட்டை! கர்த்தர் எனக்கு அடையாளம் காட்டிட்டார்!"

"உங்க கோழியா?" என்றார் எசேசா அக்கா. "இப்பத்தானே ஐயா திருப்பிக் கொடுத்தீங்க?"

"கோழியைக் கொடுத்தேம்மா. முட்டையைக் கொடுக்கலையே. அது என் மடியில இருக்கறப்போ இட்டது."

"மடி உங்களது, ஒத்துக்கறோம். முட்டை மடியிலிருந்தா வந்துச்சு?"

தேவாலயம் அதிர்ந்தது. சிரிப்பை அடக்க ஆர்ச்டீக்கன் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வழக்கு பேராயரிடம் போனது. அவர் தாடையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கொடுத்தது கொடுத்ததுதான். அது இப்போ யார்கிட்ட இருந்தாலும் சபையோடது. மாண்புமிகு அவர்களுக்கு இதுல மறுப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன்."

கேமராக்கள் திரும்பின. மாண்புமிகு மைக்கை வாங்கிக்கொண்டார். "மறுப்பா? எனக்கா? ஒருதரம் கர்த்தருக்குக் கொடுத்தது, என் மடியில இருந்தாலும் சரி, என் வீட்டுல இருந்தாலும் சரி, அது கர்த்தரோடதுதான்! அதுக்குப் பேருதான் உக்கிராணத்துவம்!"

அன்றைக்கு அந்த வார்த்தையை முதல்முறையாக ஒருவர் உடைக்காமல் சொன்னார். கைதட்டல் ஓய்வதற்கு எசேசா அக்கா காத்திருந்தார். பிறகு, அவர் வாயிலிருந்து நாங்கள் அதுவரை கேட்டிராத மரியாதையான குரலில் கேட்டார்.

"படகுல இருந்தாலுமா ஐயா?"

குருவானவர் கெசெக்கியா தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கிசாபாக்காரர்கள் மட்டும் ஒரே நேரத்தில் கரைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்கள். எஞ்சின் தெரிந்தது. அதில் அவர் பெயரும் தெரிந்தது.

"அடடே!" என்றார் பேராயர். "எஞ்சினைக் கொண்டுவந்துட்டீங்களா! பழகிடுச்சா?" அங்கியின் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கிரீஸை என் மனைவி ஒரு வருஷமாத் துவைக்கிறா, போகலை. நான் ஜெபிச்சது வீண் போகலைன்னாவது இன்னிக்குப் போய்ச் சொல்றேன்."

மாண்புமிகு கேமராவைப் பார்த்தார். கேமரா அவரைப் பார்த்தது.

"ஆமா," என்றார். "அதுக்குத்தான்... கொண்டுவந்தேன். நல்லாவே பழகிடுச்சு."

யாரும் கைகாட்டுவதற்கு முன்பே நான் முரசில் அடித்துவிட்டேன். பாடகர் குழு பாடிக்கொண்டே கரைக்கு ஓடியது. டெய்லர் வாழைக்குலையைத் தலையில் வைத்தபடியே ஓடினார். எஞ்சினைக் கழற்ற ஆளாளுக்கு ஒரு திருகைப் பிடித்தார்கள். குருவானவர் அங்கியோடு முழங்கால் தண்ணீரில் நின்று எஞ்சினைத் தோளில் வாங்கினார். அவர் வெள்ளை அங்கியிலும் கிரீஸ். அவர் சிரித்த சிரிப்பை அக்கரையிலும் கேட்டிருப்பார்கள். பேராயர் கரையில் நின்று, "அந்த மூடுற பேச்சை நான் மறந்துட்டேன். அடுத்த மாசம் என்னையும் கிசாபாவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மாண்புமிகு திரும்பிப் போவதற்குக் கிசாபாக்காரர்களே இரண்டு துடுப்புகளைக் கொடுத்தார்கள். சோபா ஏறியது, அவர் ஏறினார்.

"முட்டையை நீங்களே வெச்சுக்குங்க ஐயா!" என்று எசேசா அக்கா கத்தினார். "சபை உங்களுக்குக் கொடுக்குது. கொடுத்தது கொடுத்ததுதான்!"

ஏரியின் நடுவில், கிசாபாவுக்குக் கிளம்பிய சபைப் படகு அவரைத் தாண்டிச் சென்றது. பின்னால் எஞ்சின், முன்னால் செம்பட்டைக் கோழி, நடுவில் கையசைக்கிற குருவானவர். அந்தப் படகு கிளப்பிய அலையில் சோபா ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. மாண்புமிகு எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் முட்டையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.