சாவிக்குச் சத்தம் தராத குழாய்

ஊரார் அவருக்குத் 'தாமிரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாட்டர் ஹீட்டர்களைச் சோதித்து அனுமதி தரும் ஆய்வாளர் அவர். ஹீட்டரில் சூடும் அழுத்தமும் எல்லை மீறினால் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து கொதிநீரை வெளியே தள்ளும். அந்த நீரைத் தரைவரை இறக்கும் குழாய்தான் அவருடைய ராஜ்ஜியம். அது தாமிரமாக இருக்கலாம், துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கலாம், சூடு தாங்கும் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம் என்று சட்டம் தாராளமாகத்தான் சொல்கிறது. சட்டத்துக்கு இருக்கும் தாராளம் அவருக்கு இல்லை. தாமிரத்தைக் கண்டால்தான் முகம் மலரும். மற்ற இரண்டையும் வேண்டாவெறுப்பாக விட்டுவைப்பார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பைக் சாவியை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு. 'ணங்' என்றால் பிழைத்தார்கள். 'டொக்' என்றால் பிளாஸ்டிக்; அது சூடு தாங்காத ரகமென்றால் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடாது. உடனே "தற்காலிகமா வச்சது சார்" என்று எல்லோரும் ஒரே சப்பைக்கட்டைத்தான் கட்டுவார்கள். அவரிடமும் ஒரே பதில்தான்.

"கொதிக்கிற தண்ணிக்குத் தற்காலிகம்னா என்னன்னு தெரியுமா?"

சொல்லிவிட்டு ஹீட்டரின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். சரிசெய்து மறுபடி காட்டும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அன்று இரவு அவருக்குச் சோறு கூடுதலாக இறங்கும் என்று அவர் மனைவியே சொல்லிக்காட்டுவாள்.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா புது வீடு கட்டியிருந்தார். இளசுகள் குடித்தனம் நடத்தப் போவது அதன் மாடியில். பூச்சு முடிந்து, விளக்கு மாட்டி, பாக்கி இருந்தது ஹீட்டர் அனுமதி மட்டும். அந்தத் தெரு தாமிரத்தின் பொறுப்பில் வந்தது.

"அப்பா, அங்க போய் சாவியத் தூக்காதீங்க" என்றாள் மகள். "ஏதாவது சரியில்லன்னா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. அவங்க அம்மாவுக்கு ரோஷம் ஜாஸ்தி."

"சட்டத்துக்குச் சம்பந்தி கிடையாதும்மா" என்று அவர் ஷூ நாடாவைக் கட்டினார்.

போனார், தட்டினார். 'டொக்.' வால்விலிருந்து இறங்கியது சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக். பச்சைத்தண்ணீர் ஓடத்தான் லாயக்கு, கொதிநீர் பட்டால் நெளிந்து தொய்ந்துவிடும்.

சம்பந்தி மென்று விழுங்கினார். "தற்காலிகமா வச்சது சம்பந்தி. ரெண்டு நாள்ல மாத்திடறேன்."

"கொதிக்கிற தண்ணிக்குத் தற்காலிகம்னா என்னன்னு தெரியுமா?"

பெயின்ட்காரர், தச்சர், பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புது ஹீட்டரில் சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. தப்பு சம்பந்தியுடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூஞ்சியில் அடித்தமாதிரி அதைச் செய்ததில் தாமிரத்துக்கு இருந்த சந்தோஷம் சட்டப் புத்தகத்தில் இல்லாதது.

மறுநாளே மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றோம். கல்யாணத்தப் பத்திக் கொஞ்சம் யோசிக்கணும்." அதன்பிறகு மகள் அப்பாவோடு பேசவில்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவருக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் பேப்பர் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். டீ ஆறியது. சம்பந்தி மட்டும் கை கழுவப் பின்பக்கம் போனார். போனவர் திரும்பவில்லை.

"சம்பந்தி, கொஞ்சம் சாவியோட வர்றீங்களா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

எல்லோருமே எழுந்து போனார்கள். ஹீட்டரின் சேஃப்டி வால்விலிருந்து ஒரு பச்சை ரப்பர் ஹோஸ் இறங்கி, சுவரோரமாக வளைந்து, ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தது. அதன் வாயில் ஒரு குட்டித் திருகுக் குழாய், அதுவும் இறுக்கி மூடியிருந்தது. வால்வு திறந்தாலும் தண்ணீர் போக வழியில்லை. ஊரில் எந்த வீட்டிலும் தாமிரம் இவ்வளவு பெரிய குற்றத்தைப் பார்த்ததில்லை.

சம்பந்தி சாவியை வாங்கி ஹோஸைத் தட்டினார். 'ணங்' இல்லை, 'டொக்'கும் இல்லை. சத்தமே வரவில்லை.

"சொட்டுச் சொட்டா வீணாப் போகுதேன்னு செடிக்கு இழுத்துவிட்டேன்" என்றாள் தாமிரத்தின் மனைவி. "உங்ககிட்டயும் சொன்னேனே. பேப்பர விட்டு நிமிராம 'ம்'னு சொன்னீங்க."

எல்லோரும் தன்னையே பார்க்க, தாமிரம் திருதிருவென விழித்தார். ஊர் முழுக்க ஹீட்டருக்குப் பின்னால் தலையை நுழைத்தவர், சொந்த வீட்டின் பின்பக்கத்துக்குப் பல் துலக்கக்கூட வந்ததில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாய் தானாகத் திறந்தது.

"அது... தற்காலிகமா வச்சது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. இத்தனை வாசல்களில் இதைச் சொன்னவர்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே.

மகள் உள்ளே போய் அவருடைய ஆபீஸ் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துவந்தாள். முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்கப்பா." பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வீடும் பாஸானப்புறம் கல்யாணத்த வச்சுக்கலாம். அங்கயும் இப்படி, இங்கயும் இப்படின்னா நான் எங்க போய்க் குடும்பம் நடத்தறது?"

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். ரோஷக்காரி என்று பேர் வாங்கியவள், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வந்ததே அவளுக்கு மறந்துபோனது.

தாமிரம் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குப் பைப் கடைக்கு நானும் வர்றேன் சம்பந்தி" என்றார். "ரெண்டு வீட்டுக்கும் சேர்த்தே வாங்கிடலாம்."

"தாமிரம்தானா?"

"எது உங்களுக்குத் தோதோ அது. சூடு தாங்கற பிளாஸ்டிக்கும் சட்டப்படி சரிதான்." அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து ஒரு பெரிய 'ஸ்ஸ்' கேட்டது. கதவுக்கு வெளியே மகள் நின்றாள். நாலைந்து நாளாக முகம் கொடுக்காதவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி எப்படிப்பா இருக்கு?"

உள்ளே பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

"தற்காலிகமா குளிருதும்மா."